அண்ணனின் தெல்கோ

எங்கள் வீட்டில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது "இன்னும் ஓடுதா?" என்று. அடுத்ததாக "பாயிண்ட் எல்லாம் இப்ப கிடைக்குதா?" என்று யாராவது கேட்டால், அவருக்கு அறுபது தாண்டிவிட்டது என்று அர்த்தம். இந்தக் காலப் பிள்ளைகளுக்குப் பாயிண்ட் என்றால் போனுக்குச் சார்ஜ் போடும் இடம்.

வண்டி 1969-இல் வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலையில் பிறந்தது. நாலு கதவு, 948 சி.சி. 1983-இல் ஒரு டாக்டரிடமிருந்து ஜி.பி.எஃப்.பில் கடன் போட்டு வாங்கினேன். அன்றைக்கு நான் யு.டி.சி. எழுத்தருக்குக் கார் எதற்கு என்று அலுவலகத்தில் பேசினார்கள். அவர்கள் பேசியதில் தப்பில்லை. அண்ணன் இல்லாவிட்டால் நான் அந்த வண்டியைத் தொட்டே இருக்க மாட்டேன்.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். 1960-இல், பத்தொன்பது வயதில், சொல்தாவாகச் சேர்ந்து கப்பலேறினார். பிரெஞ்சு ராணுவத்தில் பட்டறை வேலை. ஹாட்ச்கிஸ் கம்பெனி அங்கே கட்டிய ஜீப்புகளைப் பிரித்துப் பூட்டுவதிலேயே அவருடைய இளமை போயிற்று. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது அவர் அங்கே இருந்தார், பிரெஞ்சுக்காரராகவே தொடர்ந்தார். இங்கே இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எனக்கு அப்போது பதினொன்று. பள்ளிக்கூடத்தில் கணக்கு, பூகோளம் எல்லாம் பிரெஞ்சில் படித்துக்கொண்டே நான் இந்தியன் ஆனேன். பின்னால் வேலைக்குப் போய் ஆங்கிலத்தில் கோப்பு எழுத அகராதியை வைத்துக்கொண்டு பட்ட பாடு தனிக் கதை.

அண்ணன் பதினைந்து வருடச் சேவை முடித்து 1975-இல் பான்சியோனோடு திரும்பி வந்தார். வைசியாள் வீதியில் எங்கள் வீட்டிலிருந்து ஏழாவது வீடு அவருடையது. வருடத்துக்கு ஒருமுறை அவர் பாரிசுக்கும் நான் புதுச்சேரிக் கருவூலத்துக்கும், இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுப்போம்.

ஹெரால்டு வந்த நாளிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு காலை அண்ணன் வருவார். அந்த வண்டியின் பானட் முன் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, கிணற்றடியில் உட்கார்ந்த மாதிரி, சாவகாசமாக வேலை பார்க்கலாம். காபி வரும். "தெல்கோவைத் திற" என்பார்.

தெல்கோ என்றால் டிஸ்டிரிபியூட்டர். பிரெஞ்சு மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள். அது ஒரு கம்பெனியின் பெயர் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1909-இல் தொடங்கிய கம்பெனியின் ஆங்கிலப் பெயரிலிருந்து முதல் எழுத்துகளைச் சேர்த்து டெல்கோ. பாட்டரி, காயில், பாயிண்ட் என்று அவர் அமைத்த ஏற்பாடு 1910-இன் கேடிலாக் காரில் வந்தது. அதே ஏற்பாடுதான் அறுபது வருடம் கழித்துப் பிறந்த என் ஹெரால்டிலும். என் வண்டியில் இருந்ததோ சென்னைப் பாடியில் செய்த லூகாஸ் டி.வி.எஸ். ஆனாலும் அண்ணனுக்கு அது தெல்கோதான். எங்கள் தெரு மெக்கானிக் ஒருவரிடம் "தெல்கோ மூடி வாங்கி வா" என்று அனுப்பி, அவர் கடை கடையாக அலைந்து, கடைசியில் வண்டி மூடும் தார்ப்பாயோடு வந்து நின்றார்.

பாயிண்டுக்கு அண்ணன் சொல்லும் பெயர் விஸ் பிளாத்தினே, அதாவது பிளாட்டினத் திருகு. பிளக்குக்குப் பூழி. அந்தச் சொல்லுக்கு மெழுகுவத்தி என்றும் பொருள் உண்டு. பாயிண்டில் பிளாட்டினமும் இல்லை, அது திருகும் இல்லை. தொடும் முனைகள் டங்ஸ்டன். நம்மூரிலும் பிளாட்டினம் பாயிண்ட் என்றுதானே சொன்னோம்! பாட்டன் காலத்தில் உண்மையாகவே பிளாட்டினம் வைத்திருந்தார்கள், பேரன் காலத்தில் பெயர் மட்டும் மிஞ்சியது.

வேலை என்னவோ சின்ன வேலைதான். டிஸ்டிரிபியூட்டருக்குள் நாலு மூலை கொண்ட ஒரு கேம் சுற்றுகிறது. அதன் மூலை வந்து இடிக்கும்போதெல்லாம் பாயிண்ட் திறக்கும். மூடியிருக்கும்போது பாட்டரியின் 12 வோல்ட் காயிலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பாயிண்ட் சட்டென்று திறந்தால், அறுந்துபோன அந்த ஓட்டத்தின் அதிர்ச்சியில் காயிலின் மறுபக்கம் பல்லாயிரம் வோல்ட் எழும்பும். அதை ரோட்டார் என்ற சின்னக் கை வாங்கி, பந்தியில் பரிமாறுகிற மாதிரி, முறைப்படி நாலு பிளக்குக்கும் கொடுத்துக்கொண்டே போகும். என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் பாயிண்ட் விநாடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும். அப்படி உழைக்கிற ஒன்று தேயாமல் என்ன செய்யும்? கேமைத் தொட்டு உராயும் பைபர் குதி தேய்ந்தால் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாக விழும், வண்டி இழுக்காது. தொடும் முனையில் ஒருபக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழும். கண்டன்சர் போனால் அதுவே சீக்கிரம் நடக்கும்.

ஆகவே இடைவெளி. எல்லாமே அந்த இடைவெளிதான். வண்டியை டாப் கியரில் போட்டு ஒரு சாண் தள்ளினால் கேமின் மூலை உச்சிக்கு வந்து பாயிண்ட் முழுசாகத் திறக்கும். பூட்டுத் திருகைத் தளர்த்தி, பீலர் கேஜின் தகட்டை நுழைத்து, லேசாக உரசிக்கொண்டு வரும்படி வைத்துத் திருகை இறுக்க வேண்டும். இறுக்கும்போது அது நகரும். மறுபடி தளர்த்த வேண்டும். பீலர் கேஜ் இல்லாத மெக்கானிக்குகள் கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து நுழைத்துப் பார்ப்பார்கள். வண்டியும் ஓடத்தான் செய்தது.

எங்களுக்குள் இதில் ஒரு தீராத வழக்கு. என்னிடம் இருந்த ஆங்கிலப் புத்தகத்தின்படி இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. அண்ணனின் பிரெஞ்சு கேஜில் அவர் எடுப்பது மில்லிமீட்டரில் பத்தில் நாலு. கணக்குப் போட்டால் என்னுடையது 0.38, அவருடையது 0.40. வித்தியாசம் 0.02 மில்லிமீட்டர், தலைமுடியில் பாதிகூட இல்லை. இதற்காக முப்பது வருடம் பேசியிருக்கிறோம். "இங்கிலீஷ்காரன் அளவு" என்பார். "இங்கிலீஷ்காரன் வண்டிதானே அண்ணே" என்பேன்.

2015 நவம்பர் மழையில் ஒரு ராத்திரி, மணி இரண்டிருக்கும், அண்ணி வந்து கதவைத் தட்டினார். அண்ணனுக்கு நெஞ்சுவலி. தெருவில் முழங்கால் தண்ணீர், ஆட்டோ கிடையாது. ஆம்புலன்சுக்குச் சொன்னோம், நேரம் ஆகும் என்றார்கள். என் வீட்டு வாசல் கொஞ்சம் மேடு. கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முன்சீட்டில் உட்காரவைத்தோம். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. பாட்டரி இறங்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "தம்பி, போதும். தெல்கோ மூடியைக் கழற்றி உள்ளே துடை" என்றார். மழையில் பானட்டைச் சாய்த்து, என் மனைவி குடை பிடிக்க, மூடியை எடுத்து வேட்டித் தலைப்பால் துடைத்தேன். உள்ளே வியர்த்திருந்தது. ஈரத்தின் வழியே மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வேறெங்கோ கசிந்துகொண்டிருந்தது. மாட்டியதும் வண்டி பிடித்துக்கொண்டது. ஸ்டென்ட் வைத்துப் பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஆனால் செய்தி பிரான்ஸ் வரைக்கும் போய்விட்டது. அடுத்த வருடம் விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன் ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வந்தான். "சித்தப்பா, இதைப் போட்டுட்டா பாயிண்டும் வேண்டாம், கண்டன்சரும் வேண்டாம்." உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புத் துண்டு, ஒரு காந்த வளையம், இரண்டு ஒயர், மடித்த தாள். வளையத்தைக் கேமின் மேல் செருகிவிட வேண்டும். பாயிண்ட் இருந்த இடத்தில் கறுப்புத் துண்டு. காந்தம் சுற்றிக் கடக்கும்போது உள்ளே இருக்கும் சென்சார் அதை உணர்ந்து காயிலின் ஓட்டத்தை வெட்டும். எதுவும் எதையும் தொடுவதில்லை. தொடாததால் தேய்வதில்லை.

அண்ணன் பெட்டியை வாங்கிப் பார்த்தார். தாளை முழுதும் படித்தார். "அன்னிக்கு நனைஞ்சது மூடி. இதைப் போட்டாலும் மூடி அதே மூடிதான்" என்று சொல்லி மகனிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரி. வாதத்தில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. பெட்டி என் அலமாரியில் பென்ஷன் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தது.

அடுத்த வருடம் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காபி டம்ளரில் தெரிந்தது. பிறகு ஒரு ஞாயிறு அந்தப் பூட்டுத் திருகு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவர் விரலிலிருந்து நழுவி டிஸ்டிரிபியூட்டருக்குள் விழுந்தது. காந்த முனை ஸ்குரூடிரைவரால் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இடைவெளி வைத்துவிட்டு, "போட்டுப் பார்" என்றார். வண்டி ஐடிலில் விக்கியது. அவருக்குக் காதும் மந்தம், அதனால் தெரியவில்லை என்று நினைத்தேன். "நல்லாயிருக்கு அண்ணே" என்றேன்.

அன்று ராத்திரி சாப்பிட்டபின் டார்ச்சை மனைவி கையில் கொடுத்து, மூடியைத் திறந்து அளந்தேன். அவர் வைத்தது 0.40-உம் இல்லை, 0.38-உம் இல்லை. தகடு இரண்டு சேர்த்தால்கூடத் தாராளமாகப் போகும். சரிசெய்து மூடினேன். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும். காலையில் அண்ணன் வைப்பார், ராத்திரி நான் வைப்பேன். "ஒரே வேலையை ரெண்டு பேரும் ரெண்டு தடவை செய்றீங்க. மாமாகிட்ட சொல்லிடுங்களேன்" என்பாள் மனைவி. சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. அலுவலகத்தில் மேலதிகாரி எழுதிய தப்பான குறிப்பைத் தெரியாமல் திருத்திவைத்துப் பழகியவன் நான். அந்தப் புத்தி இங்கேயும் வேலை செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் ஓடிற்று. 2019 ஜனவரி முதல் ஞாயிறு. அண்ணன் மூடியைத் திறந்தார். பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, "எத்தனை மாசமா?" என்றார்.

"என்னது அண்ணே?"

"விஸ்."

போன மாதம் வேலை முடித்தபோது, திருகின் தலையிலிருந்து தட்டு வரைக்கும் ஊசியால் மயிரிழைக் கோடு ஒன்று கீறிவிட்டுப் போயிருக்கிறார். ராணுவப் பட்டறைப் பழக்கம். திருகை யாராவது தொட்டால் கோடு நேராக நிற்காது. என் கண்ணுக்கு டார்ச் வெளிச்சத்தில் எங்கே தெரியும்?

"ரெண்டு வருஷமா" என்றேன்.

கொஞ்ச நேரம் காபியை ஆற்றினார். "நீ வெக்கிற இடைவெளி சரியாத்தான் இருக்குது. கொஞ்சம் இங்கிலீஷ்காரன் அளவு" என்றார். பிறகு, "அலமாரியில ஒரு பெட்டி இருக்குமே, அதை எடுத்துக்கிட்டு வா."

நான் ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். இரண்டு ஞாயிறு ஆயிற்று. காரணம், என் ஹெரால்டு பாசிட்டிவ் எர்த். பழைய இங்கிலீஷ் வழக்கப்படி பாட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருந்தது. பாயிண்டுக்கு எந்தப் பக்கமானாலும் கவலையில்லை, அது வெறும் சுவிட்ச். எலெக்ட்ரானிக் துண்டு அப்படியில்லை, மாற்றிக் கொடுத்தால் அந்த நிமிடமே உயிரை விடும். மகன் வாங்கி வந்தது நெகட்டிவ் எர்த்துக்கு உரியது. இது தாளின் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்தது. எனக்குப் பள்ளிக்கூடப் பிரெஞ்சு இருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை, அண்ணன் கவனித்தார். இதே துண்டைத் தாங்களே போட நினைப்பவர்கள் முதலில் பாட்டரி ஒயர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

பாட்டரியைத் திருப்பி வைத்தோம். காயிலின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினோம். செம்புக் கம்பி பிளக் ஒயர்களைக் கழற்றிவிட்டு, தாளில் சொன்னபடி கார்பன் ஒயர் போட்டோம். டைனமோ பாக்கி. "அதுக்கு ஞாபகம் உண்டு. முன்னே எந்தப் பக்கம் கொடுத்துக்கிட்டு இருந்ததோ அந்தப் பக்கமே கொடுக்கும்" என்றார். உள்ளே இருக்கும் இரும்பில் பழைய காந்தத் திசை தங்கியிருக்குமாம். அதன் ஒயர்களைக் கழற்றி, பாட்டரியின் உயிர் முனையிலிருந்து ஒரு ஒயர் இழுத்து டைனமோவின் சின்ன முனையில் தொட்டு எடுக்கச் சொன்னார். சின்னப் பொறி தெறித்தது. அவ்வளவுதான், அது தன் திசையை மாற்றிக்கொண்டது.

கறுப்புத் துண்டை மாட்டியது நான். அண்ணன் டயர் மேல் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். டைமிங் லைட் வைத்திருக்கும் பையன் ஒருவன் வந்து புள்ளியைச் சரியாக வைத்துக் கொடுத்தான். சாவியைத் திருப்பியதும் அரைச் சுற்றில் பிடித்தது. ஐடில் தையல் மிஷின் மாதிரி. அண்ணன் உள்ளங்கையை என்ஜின் மூடிமேல் வைத்துப் பார்த்தார். காது மந்தமானவருக்கு என்ஜினைக் கேட்க அதுதான் வழி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் அந்த இரண்டு வருடமும் ஐடில் விக்கியது அவருக்குத் தெரிந்திருக்கும். இதை அவரிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த மாத முதல் ஞாயிறு அவர் வரவில்லை. "செய்ய என்ன இருக்குது?" என்று சொல்லியனுப்பினார். அதற்கடுத்த மாதமும் இல்லை.

ஏப்ரலில் ஒருநாள் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சாவியைத் திருப்பினேன். அந்த நேரம் போன் வந்தது. பேசிவிட்டு வரும்போது முக்கால் மணி நேரம். என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆன் நிலையில் இருந்தால் அந்தத் துண்டு சூடாகிச் செத்துவிடும். அதுவும் தாளில் இருந்தது. அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஆள் வந்துவிட்டார், கையில் பழைய பாயிண்ட் தட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றியபடி. அதை நான் தூக்கிப் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீயே மாட்டு" என்றார். அவருக்கு முன்னால் நான் பாயிண்ட் வைத்தது அன்றுதான் முதல் தடவை. அவருடைய பிரெஞ்சு கேஜை வாங்கி 0.40 தகட்டை எடுத்தேன். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பாயிண்டிலேயே, கொரோனா காலத்தையும் தாண்டி, மூன்று வருடம் ஓடியது. ஊரடங்கின்போது வாரம் ஒருமுறை செட்டிலேயே ஸ்டார்ட் செய்துவிட்டு நிறுத்துவோம்.

2022-இல் மகன் புதுத் துண்டு கொண்டுவந்தான். இப்போது வண்டியில் இருப்பது அது. பாயிண்ட் தட்டு டேஷ்போர்டில் எண்ணெய்த் துணியோடு இருக்கிறது. பழைய வண்டிக்காரர்கள் என்னிடம் கேட்டால் மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். கேம் தண்டின் புஷ் தேய்ந்து ஆடினால் முதலில் அதைப் பாருங்கள், அந்த ஆட்டத்தை எந்த எலெக்ட்ரானிக்கும் சரிசெய்யாது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் ஊர்ப் பக்கமாகவே கரையேறி, ஒரு நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. கொட்டியது யாருக்கும் மறந்திருக்காது. செட்டில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு ஏறியது. வடிந்த மறுநாள் சாவியைத் திருப்பினேன். சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அண்ணன் சேற்றில் கம்பு ஊன்றி வந்து சேர்ந்தார், எண்பத்து மூன்று வயதில். நான் மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் டயர் மேல் உட்கார்ந்து, மூடியை மடியில் வைத்து, துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உள்ளே நாலு முனையையும் நடுவில் இருக்கும் கரித்துண்டையும் நிதானமாகத் துடைத்தார். கை நடுங்கத்தான் செய்தது. துடைக்கிற வேலைக்கு அது பரவாயில்லை.

வண்டி பிடித்தது. "அதே மூடி" என்றார்.

அதிலிருந்து முதல் ஞாயிறு மறுபடி வருகிறார். வரும் ஞாயிறு நாலு பூழியையும் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார், நிறம் பார்க்க வேண்டுமாம்.